தாயாக்கப்பட்டவர்

ஓசூரில் ஷிப்ட் முடிந்து வந்து டிவியில் பார்த்த ‘மன்னன்’ (1992) படத்தில், ரஜினிகாந்த் சுமந்துசெல்லும் நோயாளி அம்மாவாகவே பண்டரிபாயை அறிந்திருந்தேன். 1954இல் ‘பேடர கண்ணப்பா’வில் ராஜ்குமாருக்கு நாயகி அவர்தான் என்று சொன்னவர் கன்னடம் பேசும் பக்கத்து வீட்டு அக்கா. அதே ஆண்டு தமிழில் ‘அந்த நாள்’: நாட்டைக் காட்டிக்கொடுக்கும் கணவனான சிவாஜிக்கு எதிராகத் துப்பாக்கி ஏந்தும் உஷா. ‘தெய்வ மகன்’ (1969) வந்தபோது சிவாஜி அப்பாவாகவும் இரண்டு மகன்களாகவும் நடித்தார். பண்டரிபாய்க்கோ மனைவி, தாய் என்ற ஒரே வேடம்.

ஆணுக்கு எல்லா வயதும் உண்டு; பெண்ணுக்கு மூப்பு மட்டுமே. ஆலையை நடத்தும் விஜயசாந்தியை அடக்கி வீட்டுக்கு அனுப்பும் ‘மன்னன்’, நடக்க இயலாத தாயை வணங்குகிறது. வேலைக்குப் போகும் நாம் அந்த வணக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். எனக்கு உஷாதான் வேண்டும்.