இறங்கி நடக்க ஆறு மணி நேரம்

சொகுசுக் கப்பல் காலையில் பினாங்கின் ஸ்வெட்டன்ஹாம் துறையில் வந்து நிற்கும், சாயங்காலம் கிளம்பிவிடும். நடுவில் ஜார்ஜ்டவுனைக் காலாற நடந்து பார்க்க ஒரு ஆறு மணி நேரம். அப்படி இறங்கி நடந்தவர்கள் தமிழில் எழுதும் பயணக் கட்டுரைகளைக் கொஞ்ச நாளாகத் தேடி வாசிக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே பாதைதான். விக்டோரியா மணிக்கூண்டு, கார்ன்வாலிஸ் கோட்டை, ஆர்மீனியன் தெருச் சுவரில் 2012இல் எர்னஸ்ட் சகரேவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகள், 2008இல் கிடைத்த யுனெஸ்கோ அந்தஸ்து பற்றி ஒரு வாக்கியம். கடைசியில் லிட்டில் இந்தியாவில் தே தாரிக் குடித்துவிட்டு, 'அட, நம்ம ஊரு மாதிரியே இருக்கு!'

எந்த ஊர் மாதிரி? அதை மட்டும் யாரும் எழுதுவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பதில், பழனி. வட்டித் தொழிலுக்காகக் கடல் தாண்டிய நகரத்தார், போன துறைமுகங்களில் எல்லாம் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினார்கள். பினாங்கில் வாட்டர்ஃபால் சாலையில் இருப்பது 1857இல் கட்டியது. சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயில் 1859. கோவணமும் தண்டுமாக நிற்கும் ஆண்டியைக் கொண்டுபோய்க் கணக்குப் பேரேட்டுக்குக் காவல் வைத்தது வேடிக்கைதான். தைப்பூசத்துக்கு முந்தின நாள் பினாங்குத் தெருவிலிருந்து வெள்ளித் தேர் புறப்பட்டு வாட்டர்ஃபால் சாலைக்குப் போகிறது. அதே நாட்களில் இங்கே குன்றக்குடியிலிருந்து காவடியோடு கிளம்பிய நகரத்தார் கூட்டம் சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடந்து வருகிறது. வந்தவர்கள் நடந்தேதான் திரும்புகிறார்கள். இரண்டு நடையும் ஒரே சாமிக்கு.

அந்த வழியில் இருக்கிற சிங்கம்புணரியில் பிறந்தவர் ப. சிங்காரம். பதினெட்டு வயதில் சுமத்ராவின் மெடானுக்குக் கடை வேலைக்குப் போனவர். 1972இல் வெளிவந்த அவருடைய 'புயலிலே ஒரு தோணி'யைத் துறைமுக நகரத்தில் நடக்கத் தெரிந்த ஒரே தமிழ் நாவல் என்று சொல்லத் தோன்றுகிறது. கொஞ்சம் மிகைதான், இருக்கட்டும். பாண்டியன் மெடானில் நடக்கிறான், தொங்கான் ஏறிப் புயலில் சிக்கிப் பினாங்குக்கு வந்து அங்கேயும் நடக்கிறான். கால் அந்நியத் தெருவில்; மனசு மதுரை வீதிகளிலும் சின்னமங்கலத்துச் சந்தையிலும். கடை, பண்டம், ஆள், விலை எனப் பெயர்கள் மூச்சுவிடாமல் வந்து கொட்டுகின்றன. 'நம்ம ஊரு மாதிரி' என்று ஒரு வரியில் அவர் தப்பிக்கவில்லை. அந்த ஊரையே தெருத்தெருவாக எடுத்துவந்து பக்கத்தில் வைக்கிறார். வைத்ததும் இரண்டுமே அந்நியமாகிவிடுகின்றன. ஊருக்குத் திரும்ப முடியுமா என்று தெரியாதவனின் நடை அது. ஜப்பானியப் படை வந்துவிட்ட காலம். தெருவைத் தப்பாகப் படித்தால் உயிர் போகும்.

குறையும் உண்டு. அந்த நகரம் முழுக்க ஆண்களின் நகரம். பெண்கள் பெரும்பாலும் அவர்களுடைய இரவுகளில்தான் வருகிறார்கள். பாண்டியன் எல்லாரையும் எடைபோடுகிறான், அவனை ஒரு பெண் எடைபோடும் இடத்தைத் தேட வேண்டியிருக்கிறது. இந்த நாவலைக் கொண்டாடுகிறவர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

கப்பல் பயணிக்கு உயிர்ப் பயம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கொடைக்கானலில் ஏரி, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை என மூன்று போட்டோவோடு மலை இறங்குகிற நாமும் அதே நடைதான் நடக்கிறோம். ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரு கேள்வியாவது வேண்டும்: இந்தத் தெருவுக்கு என் ஊர்க்காரன் ஏன் வந்தான், யாருக்குக் கடன் கொடுத்தான், யாருடைய நிலம் அவன் கைக்குப் போனது? நான் படித்த கட்டுரைகளில் ஒருவர்கூட வெள்ளித் தேர் போகிற வழியில் வாட்டர்ஃபால் சாலை வரை போகவில்லை. ஆறு மணி நேரத்தில் நடந்தே போய்த் திரும்பலாம். மணிக்கூண்டு துறைமுகத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, கப்பல் ஏறும்போது பார்த்துக்கொள்ளலாம்.