பிரீமியம் என்றொரு சொல்

நமக்கு பிரீமியம் என்றால் எல்.ஐ.சி. ஞாபகம்தான் வரும். அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளிலும் ஏறக்குறைய அதே அர்த்தம்தான்: ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்துக்குக் கட்டும் பணம். ஒரே பம்ப்பில் மூன்று பட்டன்கள் இருக்கும். 87, 89, 93. (சில மாநிலங்களில் 93-க்குப் பதில் 91.) முதலாவது ரெகுலர், கடைசி பிரீமியம். நடுவில் இருப்பதை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

அமெரிக்கர்களின் செல்லப்பிள்ளை ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக். 2011 மாடலிலிருந்து அதில் 'ஈகோபூஸ்ட்' என்ற டர்போ இன்ஜினும் கிடைக்கிறது. இதற்கு எந்த பட்டனை அழுத்துவது? 'டர்போவா, பிரீமியம்தான் போடணும்' என்பது ஒரு கட்சி. 'எல்லாம் கம்பெனிக்காரன் ஏமாத்து வேலை' என்பது இன்னொரு கட்சி. இரண்டுமே பாதி தப்பு.

முதலில் அந்த நம்பர். ஆக்டேன் என்பது பெட்ரோலின் பலம் இல்லை. அதன் பொறுமை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பகுதி சுடுகிறதல்லவா, அதேபோல சிலிண்டருக்குள் அழுத்தப்படும் காற்றும் பெட்ரோலும் சூடாகின்றன. ஸ்பார்க் பிளக் பற்றவைத்த நெருப்பு பரவி வருவதற்குள் மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடித்தால், 'டொக் டொக்' என்று சத்தம் வரும். இதுதான் நாக்கிங். தொடர்ந்தால் பிஸ்டனுக்கு ஆபத்து. அழுத்தத்தைப் பொறுத்துக்கொண்டு, பற்றவைக்கும்வரை சும்மா இருக்கும் குணத்துக்குத்தான் மார்க் போடுகிறார்கள். ஐஸோ ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று அந்த அளவுகோலை 1926 வாக்கில் வகுத்தவர் கிரஹாம் எட்கர். ஒரு கேலன் 93-ல் இருக்கும் சக்தியும் ஒரு கேலன் 87-ல் இருக்கும் சக்தியும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பெட்ரோலுக்கு அழகான பெயர் வைப்பது புது வியாதி இல்லை. 1921-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி, நாக்கிங்கைத் தடுக்க ஈயச் சேர்மம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1923-ல் அது 'எத்தில்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஈயம் என்ற சொல்லைக் காணோம். அந்த ஈயப் பெட்ரோலை உலகம் முழுக்கக் கார்களிலிருந்து விரட்ட 2021 வரை ஆயிற்று. பெயரை நம்பி வாங்குவதன் விலை சில சமயம் பணத்தோடு போவதில்லை.

சரி, டர்போவுக்கு வருவோம். டர்போ செய்வது ஒரே வேலை: சிலிண்டருக்குள் அதிகக் காற்றைத் திணிப்பது. திணித்தால் அழுத்தம், சூடு, நாக்கிங் அபாயம். ஆனால் இன்றைய இன்ஜினுக்குக் காது இருக்கிறது. நாக் சென்சார் சத்தத்தைக் கேட்டதும் கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைக் கொஞ்சம் தாமதப்படுத்துகிறது, தேவைப்பட்டால் டர்போவையும் அடக்கி வாசிக்கச் சொல்கிறது. இன்ஜின் பிழைக்கிறது, வேகம் கொஞ்சம் குறைகிறது. அவ்வளவுதான்.

எவ்வளவு குறைகிறது? 'கார் அண்ட் டிரைவர்' பத்திரிகை 2019-ல் சோதித்தது. ஈகோபூஸ்ட் எஃப்-150-ல் 93-லிருந்து 87-க்கு இறங்கியபோது சக்கரத்தில் அளந்த சக்தி சுமார் 20 குதிரை குறைந்தது. மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட அரை விநாடிக்குச் சற்று மேல் கூடுதலாக ஆயிற்று. ஆக, வித்தியாசம் நிஜம். அதே சோதனையில் ஹோண்டா சி.ஆர்-வியின் சின்ன டர்போவுக்கு, ஓட்டத்தில் பிரயோஜனம் தெரியவில்லை. 'டர்போ என்றாலே பிரீமியம்' கட்சி இங்கே டெபாசிட் இழக்கிறது.

இப்போது பர்ஸ். வருஷம் 12,000 மைல், கேலனுக்கு 20 மைல், ரெகுலர் 3 டாலர், பிரீமியம் 3.75 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெகுலருக்கு 1,800 டாலர். பிரீமியம் போட்டால் மைலேஜ் கூடாதா? கூடும். பிரீமியம் கட்டாயமில்லை, சிபாரிசு மட்டும் என்கிற வண்டிகளை 2017-ல் ஏ.ஏ.ஏ. என்ற வாகன ஓட்டிகள் சங்கம் சோதித்ததில் சராசரியாக 2.7 சதவீதம் கூடியது. அதையும் கழித்துக்கொண்டால் பிரீமியத்துக்கு சுமார் 2,190 டாலர். ஆபீஸுக்கும் கடைக்கும் போய் வர, அரை விநாடிக்காக வருஷம் 390 டாலர். தேவையா?

இன்ஜினைச் சுத்தமாக்கும் என்பார்கள். அந்த வேலையைச் செய்வது பெட்ரோலில் கலக்கும் டிடர்ஜென்ட், ஆக்டேன் அல்ல. 2004-ல் கார் கம்பெனிகள் சேர்ந்து கொண்டுவந்த 'டாப் டியர்' தரம், அந்த பங்க்கில் விற்கும் ரெகுலருக்கும் சேர்த்துத்தான்.

என் கோபம் வேறு இடத்தில். 2021 எஃப்-150-ன் விளம்பரம் 3.5 லிட்டர் ஈகோபூஸ்டுக்கு 400 குதிரைசக்தி என்றது. கீழே பொடி எழுத்தில், இது பிரீமியம் பெட்ரோலில் அளந்தது என்று ஒரு வரி. 87 போட்டாலும் ஓடும் என்று சொல்லி விற்றுவிட்டு, குதிரைகளை மட்டும் 93-ல் எண்ணுகிறார்கள். சட்டப்படி தப்பில்லை. ஆனால் வாங்குபவர் பொடி எழுத்தைப் படிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட வாக்கியம் அது.

வேடிக்கை என்னவென்றால், கூடவே வரும் ஓனர் மேனுவல் யோக்கியமாகப் பேசுகிறது. 87 போதும், நல்ல வெயிலில், டிரெய்லர் இழுக்கும்போது பிரீமியத்தின் பலன் நன்றாகத் தெரியும் என்கிறது. ஜூலை மாதம் பின்னால் படகைக் கட்டிக்கொண்டு மலை ஏறுகிறவருக்கு டர்போ மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யும். அப்போது அந்த 20 குதிரை ஆடம்பரம் இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. கொலராடோ போன்ற மலைப் பிரதேசங்களில் 85 ஆக்டேனையே ரெகுலர் என்று விற்கிறார்கள். உயரத்தில் காற்று மெலிது, சாதா இன்ஜினுக்கு அழுத்தம் குறைவு, அதனால் பரவாயில்லை என்பது பழைய கணக்கு. டர்போ அந்த மெலிந்த காற்றையும் திணித்து ஈடுகட்டிவிடுமே! டர்போ டிரக்குக்கு அங்கே 87-க்குக் கீழே இறங்கக்கூடாது. 93-க்காகச் சண்டை போடுகிறவர்கள் இந்த 85-ஐ கவனிப்பதில்லை.

அங்கே போகும் நம்மவர்களுக்கு ஒரு குறிப்பு: நம் பங்க்கில் 95 என்று எழுதியிருப்பதும் அமெரிக்காவின் 91-ம் கிட்டத்தட்ட ஒரே சரக்கு. அளவுகோல்தான் வேறு. 87-ஐப் பார்த்து மட்டமான சரக்கு என்று பயப்படாதீர்கள்.

ஆக, என் தீர்ப்பு: நம்பர் நல்லது, பெயர் கெட்டது. 'பிரீமியம்' என்பதை அழித்துவிட்டு 'பாரம் இழுக்க' என்று எழுதி வைத்தால் பாதிப் பேர் அந்த பட்டனைத் தொடமாட்டார்கள். தொட வேண்டியவர்கள் தொடுவார்கள்.

அதனால்தான் அப்படி எழுதமாட்டார்கள்.