மலிவு என்று ஒரு சொல்

திருத்தணிக்கு வந்துபோனவர்கள் எழுதுகிற பயணக் கட்டுரைகளைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். மலையின் 365 படிகளும் அதில் வந்துவிடும். ஆடிக் கிருத்திகைக் காவடிகளும் வரும். விவரம் தெரிந்த எழுத்தாளராக இருந்தால், 1960 ஏப்ரல் முதல் தேதிதான் இந்த ஊர் ஆந்திரத்திலிருந்து நம் பக்கம் வந்தது என்பதையும் சொல்லிவிடுவார். கடைசியில் சாப்பாடு. அதற்கு மட்டும் ஒரே வரி: ‘அடிவாரத்தில் ஒரு சின்னக் கடையில் சாப்பிட்டோம், ருசியாக இருந்தது, விலையும் மலிவு.’ அத்தோடு கட்டுரை பஸ் ஏறிவிடும்.

இந்த ஒரு வரியின் மேல்தான் எனக்கு வழக்கு. ருசி என்றால் என்ன ருசி? மலிவு என்றால் யாருக்கு மலிவு?

வழியில் சாப்பிட்டதைப் பற்றி எழுத நமக்கு முன்மாதிரி இல்லாமல் போகவில்லை. பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து பாட்டு, ஆற்றுப்படை. பக்தனை முருகனிடம் அனுப்பும் திருமுருகாற்றுப்படையை ஒதுக்கிவிட்டால், மற்ற நான்கும் வயிற்றை மறக்காத பாட்டுகள். சிறுபாணாற்றுப்படையில் பரதவர் வீட்டில் சுட்ட மீன், எயினர் குடிலில் புளிச்சோறு, உழவர் வீட்டில் நண்டுக் கலவையோடு வெண்சோறு என்று ஊருக்கு ஊர் இலை மாறுகிறது. திருத்தணியும் சேர்ந்த இந்தத் தொண்டை நாட்டையே பாடும் பெரும்பாணாற்றுப்படையில், மிளகும் கறிவேப்பிலையும் கலந்த மாதுளங்காயும் மாவடுவும் கிடைக்கின்றன. ‘ருசியாக இருந்தது’ என்று எந்தப் புலவரும் நழுவவில்லை. யார் வீடு, என்ன பண்டம், எதோடு சேர்த்துப் போடுவார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் நகர்கிறார்கள்.

அவர்களுக்கு இந்தக் கவனம் எங்கிருந்து வந்தது? அதே சிறுபாணாற்றுப்படையில் இன்னொரு சமையலறையும் இருக்கிறது. கண் திறவாத நாய்க்குட்டிகள் கிடக்கும் அடுக்களை. குப்பைக் கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, பிறர் பார்த்துவிடப் போகிறார்களே என்று கதவைச் சாத்திக்கொண்டு தின்கிறது ஒரு குடும்பம். வழி சொல்கிறவன் அந்த வீட்டிலிருந்து வந்தவன். வழி கேட்கிறவனும் அப்படிப்பட்டவனே. பசித்தவன் பசித்தவனுக்குச் சொல்லும்போது பண்டத்தின் பெயர் தவறாது. நம் கட்டுரைக்காரரோ பசியாமல் கடைக்குப் போகிறவர். வேடிக்கை பார்க்கப் போகிறவர்.

பழம் பாட்டை அளவுகோலாக எடுத்துக்கொண்டால் இன்றைய கடைக்குப் பொருந்துமா என்று கேட்பீர்கள். ஒரு கடையை வைத்தே பார்த்துவிடலாம். திருத்தணியில் ரயில் ஏறினால் ஏறத்தாழ எண்பது கிலோமீட்டரில் சென்னை. அங்கே கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, பர்மா பஜாரை ஒட்டிய தெருவில், பொழுது சாய்ந்ததும் அத்தோ கடைகள் கூடுகின்றன. வேகவைத்த மஞ்சள் நிற நூடுல்ஸ் ஒரு குவியல். அதில் பச்சை முட்டைக்கோஸ், வெங்காயம், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டெண்ணெய், மிளகாய்த்தூள். மேலே மொறுமொறுப்பான பேஜோவை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைவார்கள். “அண்ணே, காரம் போதுமா?” என்று கேட்கும்போதும் கை நிற்பதில்லை. பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி வெங்காயம் திணித்துத் தருவதும் உண்டு. குறையும் சொல்ல வேண்டுமே: எண்ணெய் கொஞ்சம் தாராளம், காரம் சில நாள் புளிப்பை அமுக்கிவிடும்.

கலந்து பிசைந்த பண்டத்துக்குப் பர்மிய மொழியில் உள்ள பெயர்தான் அத்தோ. அது இங்கே வந்த கதை சுலபமானதல்ல. 1962-ல் நே வின் ராணுவ ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகள் அரசுடைமையாயின. அந்த ஆண்டே 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவை ஆயின. தலைமுறைகளாக அங்கே பிழைத்த தமிழர்கள் கப்பலேறிச் சென்னையில் இறங்கினார்கள். 1969-ல் பர்மா பஜார் பிறந்தது. திருத்தணியில் ஊர் அசையவில்லை, எல்லைக்கோடு அசைந்தது. இவர்களுக்கோ கோடு அசையவில்லை, வீடு அசைந்தது. பர்மாவில் மீன் குழம்பில் வாழைத்தண்டைப் போட்டு மொஹிங்கா செய்வார்கள். இங்கே மீன் போய்விட்டது, தண்டு மிஞ்சியது. இழந்ததும் காப்பாற்றியதும் அந்தச் சூப்புக் கிண்ணத்திலேயே இருக்கின்றன.

தாய்லாந்தில் 1940-களை ஒட்டி பிபுன் சொங்க்ராமின் அரசாங்கமே நூடுல்ஸ் சாப்பிடும்படி மக்களைத் தூண்டியது. அந்த நாட்டின் பெயரைத் தாங்கிய ‘பாத் தாய்’ இன்று உலகமெல்லாம் கிடைக்கிறது. அத்தோவுக்கு அரசாங்க ஆதரவு கிடையாது. பிசைந்த கைகளே அதற்கு ஆதரவு.

‘சாப்பாட்டைப் பற்றி எழுதச் சொன்னால் சரித்திரப் பாடமா?’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயந்தான். வருஷக்கணக்கு எல்லாக் கட்டுரையிலும் வேண்டியதில்லை. ஆனால் பிசைகிற கையைப் பார்ப்பதற்குச் சரித்திரம் தெரிய வேண்டாம். பக்கத்தில் நின்று சாப்பிடுகிறவரைப் பார்ப்பதற்கும் வேண்டாம். அவர் மூட்டை தூக்கிவிட்டு வந்தவராக இருக்கலாம். நமக்கு மாலைப் பலகாரம், அவருக்கு அதுவே ராச்சாப்பாடு. சில்லறையை அவர் இரண்டு தரம் எண்ணுகிறார். அதே தட்டை ‘மலிவு’ என்று நாம் எழுதும்போது, நம் பையின் கனத்தைத்தான் எழுதுகிறோம். தட்டைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

ஆகையால் பயணக் கட்டுரை எழுதும் நண்பர்களிடம் நான் கேட்பது கொஞ்சந்தான். ‘மலிவு’ என்ற சொல்லை அடித்துவிட்டு, அந்த இடத்தில் என்ன விலை, என்ன பண்டம், யார் கை என்று எழுதுங்கள். மலிவா இல்லையா என்பதை வாசகர் தம் பையைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.