ட்ரெவினுக்கு ஒரு பகல் போதாது

சிற்பி பார்பரா ஹெப்வொர்த்தின் பட்டறையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, யாரைக் கண்டாலும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் சலித்துவிட்டது. இனி உங்கள் முறை.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கடலுக்குள் நீண்டு கிடக்கும் கார்ன்வாலில் செயின்ட் ஐவ்ஸ் என்று ஒரு சிற்றூர். ஒரு காலத்தில் மத்தி மீன் பிடித்து, உப்பிட்டுப் பீப்பாயில் அடைத்து ஏற்றுமதி செய்து பிழைத்த ஊர். மீன் குறையக் குறைய ஓவியர்கள் வந்து சேர்ந்தார்கள். பாய்மரக் கிடங்குகள் ஓவியக் கூடங்களாயின. லண்டன் பாடிங்டனிலிருந்து வருகிறவர்கள் செயின்ட் எர்த் என்ற நிலையத்தில் இறங்கி, குட்டி ரயில் ஒன்றுக்கு மாற வேண்டும். கால் மணி நேரப் பயணம்தான். வலப்பக்க ஜன்னலோரம் பிடித்துக்கொள்ளுங்கள். கழிமுகம், மணல், பிறகு பச்சையும் நீலமுமாகக் கடல் என்று அந்தக் கால் மணி நேரத்துக்கே டிக்கெட் காசு சரியாய்ப் போயிற்று.

கடற்கரையிலிருந்து மேட்டுப்பக்கம் ஏறும் சந்து ஒன்றில், உயரமான கல்மதிலுக்குப் பின்னால் இருக்கிறது ட்ரெவின் ஸ்டுடியோ. 1949-இல் ஏலத்தில் வந்த இந்த இடத்தை ஹெப்வொர்த் வாங்கினார். அப்போது அவருக்கு 46 வயது. 1975-இல் இறக்கும்வரை இதுதான் அவருக்கு வேலையிடம். அதில் பெரும்பகுதிக் காலம் வீடும் இதுவே. கீழ்த்தளத்தில் அவருடைய வாழ்க்கை வரலாற்றைச் சுவரெங்கும் மாட்டி வைத்திருக்கிறார்கள். படித்துக்கொண்டு நிற்காதீர்கள், அதையெல்லாம் புத்தகத்தில் படிக்கலாம். நேரே மாடிப்படி ஏறுங்கள். வெள்ளையடித்த, வெளிச்சம் நிறைந்த ஓர் அறை. வழவழவென்று தேய்த்த மரச் சிற்பங்கள். அவர் புழங்கிய தட்டுமுட்டுச் சாமான்கள். அறையின் கதவைத் தாண்டினால் தோட்டம். ஊர் சரிவில் இருப்பதால் மாடி ஏறியும் மண்ணில்தான் கால் வைக்கிறோம்! இதற்கே நான் பாதி விழுந்துவிட்டேன்.

இங்கிலாந்துத் தோட்டம் என்றதும் கத்தரித்த புல்தரையும் வரிசை பிடித்த பூச்செடிகளும் மனதில் வந்தால் அதை அழித்துவிடுங்கள். இங்கே மூங்கில் இருக்கிறது. பனைபோல நெட்டையாய் வளர்ந்து உச்சியில் விசிறி விரித்த மரங்கள் இருக்கின்றன. மக்னோலியா, ரோஜா, கொத்துக் கொத்தாக ஜப்பானிய அனிமோன். அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் பக்கத்தில் ஓடுவதால் கார்ன்வாலில் கடுங்குளிர் குறைவு. வெப்ப நாட்டுச் சாயல் கொண்ட செடிகளும் பிழைத்துக்கொள்கின்றன. தோட்டத்தை அமைப்பதில் ஹெப்வொர்த்துக்குக் கைகொடுத்தவர் அவருடைய தோழி ப்ரியோ ரெய்னியர். தென்னாப்பிரிக்காவில் பிறந்த இசையமைப்பாளர். ஒரு சிற்பியும் ஓர் இசையமைப்பாளரும் சேர்ந்து செடி நட்டால் எப்படி இருக்கும்? இப்படித்தான் இருக்கும். எந்தத் திருப்பத்திலும் முழுத் தோட்டமும் கண்ணில் படாது. ஒரு புதரைச் சுற்றினால் ஒரு சிற்பம், அதன் துளை வழியாகப் பார்த்தால் இன்னொன்று, அதற்கும் அப்பால் ஊரின் கூரைகள்.

அந்தத் துளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1930-களின் தொடக்கத்திலேயே சிற்பத்தின் நடுவில் துளை போட்டுப் பார்த்தவர் இவர். படத்தில் பார்க்கும்போது இதில் என்ன பிரமாதம் என்று தோன்றும். தோட்டத்தில் நின்று பார்த்தால்தான் விளங்குகிறது. துளைக்குள் மூங்கில் இலை ஆடுகிறது. இரண்டு அடி தள்ளி நின்றால் அதே துளையில் மேகம். 1966-இல் செய்த 'ஃபோர்-ஸ்கொயர்' நாலு மீட்டருக்கு மேல் உயரமுள்ள வெண்கலம். வட்டத் துளை போட்ட சதுரப் பலகைகளை அடுக்கியது போன்ற உருவம், ஆள் நடந்து உள்ளே புகுவதற்கென்றே செய்தது. 'ரிவர் ஃபார்ம்' என்று படுத்துக் கிடக்கும் வெண்கலம் ஒன்று. அதன் குழிவில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்க, அதில் வானம் தெரிகிறது. மழை பெய்ததே என்று முதலில் முணுமுணுத்தேன். பெய்திராவிட்டால் அந்தச் சிற்பத்தில் பாதியைத்தான் பார்த்திருப்பேன்.

என்னைக் கிறுகிறுக்க வைத்தது, சொல்லப்போனால், இந்தச் சிற்பங்கள்கூட இல்லை. தோட்டத்தின் ஓரமாக இருக்கும் வேலைக்கூடமும் கல் செதுக்கும் முற்றமும்தான். உள்ளே விடமாட்டார்கள், கண்ணாடிக்கு இந்தப்புறம் நின்றுதான் பார்க்க வேண்டும். எனக்கு அது பெரிய மனக்குறை. மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றேன். சுத்தியல்கள், சின்னதிலிருந்து பெரிதுவரை. உளிகள், அரங்கள், ராவும் கருவிகள். பலகை மேசையெங்கும் வெள்ளைப் படலம். ஆணியில் மாட்டிய வேலைச் சட்டைகள், தோள் மடிப்பில் தூசு படிந்தபடி. தொடங்கி முடிக்காத கற்கள், தொடவே தொடாத கற்கள். மாமல்லபுரம் சாலையோரச் சிற்பக் கூடங்களைக் கடந்து போகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. அங்கே உளிச்சத்தம் காதைப் பிளக்கும். இங்கே 1975-ஓடு அது நின்றுவிட்டது.

ஹெப்வொர்த் கல்லை நேரடியாகச் செதுக்குகிறவர். களிமண்ணில் மாதிரி செய்து கொடுத்துவிட்டு, கல்வேலையைக் கூலிக்கு விடும் வழக்கம் ஐரோப்பாவில் நெடுங்காலம் இருந்தது. இளம் வயதில் ரோமுக்குப் போய், ஜோவான்னி ஆர்தினி என்ற தேர்ந்த கைவினைஞரிடம் பளிங்கு செதுக்கக் கற்றுக்கொண்டார் இவர். பளிங்கு ஆளுக்கு ஆள், கைக்குக் கை நிறம் மாறும் என்று அவர் சொன்னதைக் கடைசிவரை மறக்கவில்லை. தம் கைகளைப் பற்றி இவர் வைத்திருந்த கணக்கும் ருசியானது. சுத்தியல் பிடிக்கும் வலக்கை வெறும் இயந்திரம்; உளி பிடிக்கும் இடக்கைதான் யோசிக்கும் கை என்பார். கல்லுக்குள் எங்கே இளக்கம், எங்கே விரிசல் என்று அந்தக் கைக்குத்தான் தெரியுமாம்.

இந்தப் பட்டறை வசதி வந்ததெல்லாம் பிற்காலக் கதை. அதற்கு முன்னால் இருந்த நாட்கள் தெரிந்தால்தான் இந்த மதிலுக்கு உள்ளே நிற்கும்போது மனம் பொங்கும். முதல் கணவரிடம் பிறந்த மகன் பால். ஓவியர் பென் நிக்கல்சனோடு வாழத் தொடங்கிய பிறகு, 1934-இல் ஒரு குழந்தையை எதிர்பார்த்திருந்த வீட்டில் மூன்று பிறந்தன. கையில் காசு கிடையாது. 1939 ஆகஸ்டில், போர் மூளுவதற்குச் சில நாட்களே இருக்க, பிள்ளைகளோடு கார்ன்வாலுக்கு வந்தார்கள். பகலெல்லாம் சிறு பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றை நடத்துவதும், துண்டு நிலத்தில் காய்கறி பயிரிடுவதும், அடுப்பும் துணியுமாகப் போயிற்று. கல் வாங்கவும் வழியில்லை, செதுக்க இடமும் இல்லை. இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு வரைவார், சின்னதாக பிளாஸ்டரில் எதையாவது செய்வார். பிற்பாடு அதைப் பற்றி அவர் புலம்பவில்லை. சமையலும் பிள்ளை வளர்ப்பும் கலைக்கு உரம்தான், ஆனால் தினமும் அரை மணி நேரமாவது வேலையில் கை வைத்துவிட வேண்டும், அப்போதுதான் உருவங்கள் மனத்தில் வளர்ந்துகொண்டிருக்கும் என்பது அவர் கட்சி.

இதை நம்மூரில் எத்தனை பெண்களிடம் சொல்லலாம்! வரைவதை, எழுதுவதை, பாடுவதைப் 'பிள்ளைகள் பெரிசாகட்டும்' என்று பரணில் ஏற்றி வைத்தவர்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கிறார்கள்.

ட்ரெவின் கிடைத்ததும் வேலை வெளியே வந்தது. திறந்த வெளியில், கடல் வெளிச்சத்தில், உதவியாளர்களோடு பெரிய கற்களை எடுத்தார். தோட்டம் இங்கே இளைப்பாறும் இடமாக இருந்ததைவிடப் பட்டறையின் மறுபாதியாகத்தான் இருந்தது. செய்ததைச் செடிகளுக்கு நடுவே நிறுத்தி, காலை வெயிலில் எப்படி, அந்தி மங்கலில் எப்படி, மழையில் நனைந்தால் எப்படி என்று பார்ப்பார். அதனால்தானோ என்னவோ, கலைக்கூட விளக்கில் பார்த்த இவருடைய சிற்பங்கள் எனக்கு ஒரு படி கீழாகவே தோன்றுகின்றன. வெண்கலத்தில் ஏறிய பச்சைக்கும் இலைப் பச்சைக்கும் இடையில் நடக்கும் பேச்சுவார்த்தை அங்கே கிடைக்காது.

வெண்கலத்துக்கு அவர் வந்தது 1956-இல்தான். செதுக்கிப் பழகிய கைக்கு, மண்ணை அப்பிச் சேர்க்கும் வேலை ஒட்டவில்லை. அதற்கு அவர் கண்ட வழி அழகு: அலுமினிய வலைத்தகட்டை வளைத்து உள்கூடு கட்டி, மேலே பிளாஸ்டர் பூசி, அது இறுகியதும் கல்லைப்போலவே செதுக்கியும் ராவியும் குறைப்பது. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் காட்டும் நுட்பத்தை இவர் பிளாஸ்டரில் காட்டியிருக்கிறார் எனலாம். இடம் போதாமல் 1961-இல் எதிர்ப்பக்கம் இருந்த பழைய நடனக் கூடத்தையும் வாங்கிப் போட்டார். நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தின் முன்னால் நிற்கிறதே 'சிங்கிள் ஃபார்ம்', சுமார் 6.4 மீட்டர் உயரம், அதற்கான அளவுக் கட்டங்களை அந்த நடனத் தரையில்தான் கோடு போட்டார்கள். விமான விபத்தில் மாண்ட பொதுச் செயலாளர் டாக் ஹாமர்ஷோல்டின் நினைவாக 1964-இல் அது திறக்கப்பட்டது. உலகத்துக்கே வாசலில் நிற்கும் சிற்பம், இந்த மீன்பிடி ஊரின் சந்திலிருந்து போயிருக்கிறது!

வெளியே போனதெல்லாம் பத்திரமாக இல்லை. தோட்டத்தில் நிற்கும் இரட்டை வடிவச் சிற்பம் ஒன்றின் உடன்பிறப்பு லண்டன் டல்விச் பூங்காவில் இருந்தது. 2011-இல் யாரோ அறுத்து எடுத்துப் போய்விட்டார்கள். பழைய உலோக விலைக்குப் போயிருக்கும் என்கிறார்கள். நம்மூர்ச் சிலைத் திருடர்களாவது விலை தெரிந்து திருடுகிறார்கள்.

தோட்டத்திலேயே சின்னதாக ஒரு வெள்ளைக் குடில். உள்ளே ஒரு கட்டில். அவ்வளவுதான். வேலைக்கு நடுவில் இங்கே வந்து படுப்பார். செதுக்கிய கல்லைப் படுத்தபடியே பார்க்கலாம், பூவையும் பார்க்கலாம். எவ்வளவு பெரிய வீடு கட்டிக் கொடுத்தாலும் எனக்கு வேண்டாம், இந்தக் கட்டில் போதும் என்று பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத அம்மாளிடம் சொன்னேன். அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

அங்கிருந்து பார்த்தால் தேவாலயக் கோபுரம் தெரியும். வெளியே வந்ததும் அங்கேயும் ஒரு நடை போய்விடுங்கள். மூத்த மகன் பால் 1953-இல் விமானப்படைப் பணியில் தாய்லாந்தில் இறந்தார். மறு ஆண்டு அவர் நினைவாக அந்தத் தாய் செதுக்கிய மரியாளும் குழந்தையும் சிற்பம் அங்கே இருக்கிறது. துளை, வடிவச் சோதனை எதுவும் கிடையாது. தாய், பிள்ளை, கல். அதன் முன்னால் நின்றபோது என் வாய் அடைத்தது. வீட்டில் கேட்டால் அது அபூர்வம் என்பார்கள்.

1975 மே 20 இரவில் இந்த ஸ்டுடியோவில் ஏற்பட்ட தீ விபத்தில் ஹெப்வொர்த் இறந்தார். வயது 72. பட்டறையையும் தோட்டத்தையும் மக்கள் வந்து பார்க்கும்படி திறந்துவிட வேண்டும் என்பது அவருடைய உயில். அடுத்த ஆண்டே குடும்பத்தார் திறந்தார்கள். 1980 முதல் டேட் என்ற கலைக்கூட நிறுவனம் பராமரிக்கிறது. சிற்பங்கள் பெரும்பாலும் அவர் நிறுத்திய இடத்திலேயே நிற்கின்றன.

ஊருக்குள் 1993-இல் திறந்த டேட்டின் பெரிய கலைக்கூடம் ஒன்றும் இருக்கிறது, கடலைப் பார்த்தபடி, நன்றாகவே இருக்கிறது. சுற்றுலாக்காரர்கள் முதலில் அங்கே போய்க் கால் வலித்த பிறகு இங்கே அரை மணி நேரத்துக்கு எட்டிப் பார்க்கிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கதவு திறக்கும்போதே ட்ரெவினுக்குப் போய்விடுங்கள். மழை பெய்தால் குடையோடு போங்கள், தள்ளிப்போடாதீர்கள்.