வராத மசோதா: ஜவ்வாது மலை நிலம் பற்றி ஒரு குறிப்பு

2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களில் இரண்டு நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஒன்று, தொழிற்சாலைகள் சட்டத்தில் 65ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, 12 மணி நேர வேலைக்கு வழி திறந்துவிட்ட மசோதா. இன்னொன்று, 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்காக, நீர்நிலையும் ஓடையும் உள்ளே கிடக்கிற நிலத்தை ஒருங்கிணைப்பதற்கான மசோதா. முதலாவதை எதிர்த்து ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. தொழிற்சங்கங்கள் விடவில்லை. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். இரண்டாவது மசோதா விவாதமில்லாமல் நிறைவேறி, இன்றைக்குச் சட்டமாக இருக்கிறது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பலரும் எழுதிவிட்டார்கள். கேட்க ஆள் இருந்தால் மசோதா நிற்கும், ஆள் இல்லாவிட்டால் ஓடும் என்பதுதான் அவற்றின் சாரம். சரியான பேச்சுதான். ஆனால் வந்த மசோதாவை மட்டும் படித்தால் சட்டமன்றத்தைப் பாதிதான் படித்ததாக ஆகும். வரவேண்டியது வராமலே இருப்பதும் ஒரு முடிவுதான். அதற்குத் தேதி கிடையாது, வாக்கெடுப்பு கிடையாது, அவைக்குறிப்பில் ஒரு வரிகூடக் கிடையாது. அதனால் யாரையும் பொறுப்பாக்க முடிவதில்லை. அப்படி வராத ஒரு மசோதாவைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு: பழங்குடியினரின் பட்டா நிலம் வெளியாருக்குக் கைமாறுவதைத் தடுக்கும் மசோதா. தமிழ்நாட்டில் அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை.

ஜவ்வாது மலையை எடுத்துக்கொள்கிறேன். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் கிடக்கும் மலை. வெளியூர்க்காரர்களுக்கு பீமன் அருவியும், காவலூர் வானாய்வகமும், கொஞ்சம் சாமையும் தேனும் தெரிந்திருக்கும். மலைமேல் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். (கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர்கள் பேசுவது தமிழ்.) தமிழ்நாட்டின் பழங்குடி மக்கள்தொகையில் ஏறத்தாழ பாதிப் பேர் மலையாளிகள், கல்வராயன், கொல்லி, சேர்வராயன், பச்சை மலைகளிலும் இவர்கள்தான்.

இந்த மலையில் ஒரு சரிவில் நின்று பார்த்தால் சட்டத்தின் விசித்திரம் புரியும். மேலே காட்டை ஒட்டி ஒரு குடும்பம் உழுகிற நிலத்துக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி உரிமை கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சட்டத்தின் 4(4) பிரிவு தெளிவாகச் சொல்கிறது: இந்த உரிமை வாரிசுக்குப் போகும், விற்கவோ மாற்றவோ முடியாது. கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவாக வேண்டும். அதற்கு நூறடி கீழே அதே குடும்பத்தின் பழைய பட்டா நிலம். அதை நாளைக்கே சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வருகிற யார் பெயருக்கும் கிரயம் பண்ணலாம். ஒரே குடும்பம், ஒரே ஏர். மேல் நிலத்துக்கு டெல்லி போட்ட வேலி இருக்கிறது. கீழ் நிலத்துக்குச் சென்னை ஒன்றும் போடவில்லை.

"ஒப்படைப் பட்டாவில் நிபந்தனை இருக்கிறதே" என்று வருவாய்த் துறை நண்பர் ஒருவர் சொன்னார். உண்மைதான். அரசு ஒப்படை செய்யும் நிலத்துக்கு வருவாய் நிலையாணைகளின்படி நிபந்தனை போடும் வழக்கம் உண்டு. ஆனால் நிலையாணை என்பது நிர்வாகம் தனக்குத்தானே எழுதிக்கொண்ட விதி. இன்னொரு ஆணையால் அதைத் தளர்த்தலாம், அதற்குச் சட்டமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. தவிர, அரசு ஒப்படை செய்யாத, பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வருகிற பட்டா நிலத்தை அந்த நிபந்தனை தொடவே தொடாது.

இங்கேதான் வரலாற்றில் ஒரு வேடிக்கை. இப்படிப்பட்ட சட்டத்தை இயற்றத் தெரியாத ஊரில்லை சென்னை. 1917-இல் சென்னை மாகாணத்தின் முதலாவது சட்டமாக இயற்றப்பட்டது 'ஏஜென்சி பகுதிகள் வட்டி மற்றும் நில மாற்றச் சட்டம்'. மலைப் பழங்குடியைச் சேர்ந்த ஒருவர், தன் நிலத்தை அப்படி அல்லாத ஒருவருக்கு உரிய அதிகாரியின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் மாற்றினால் அது செல்லாது என்றது. கூடவே, அவர்களிடம் வாங்கக்கூடிய வட்டிக்கு ஆண்டுக்கு 24 சதவீதம் என்று உச்சவரம்பும் வைத்தது. கடனும் நிலமும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கருணையால் வந்த புத்தி இல்லை அது. கோதாவரி மலைப்பகுதியில் 1879-இல் வெடித்த ரம்பா கலகம் போன்ற அனுபவங்கள் கற்றுக்கொடுத்தது.

ஆனால் 'ஏஜென்சி' என்பது அன்றைக்குக் கஞ்சம், விசாகப்பட்டினம், கோதாவரி மாவட்டங்களின் மலைப்பகுதிகளை மட்டுமே குறித்தது. வட ஆற்காட்டின் ஜவ்வாது மலை அந்தப் பட்டியலில் இல்லை. கலகம் நடக்காத மலைக்குச் சட்டம் தேவைப்படவில்லை போலிருக்கிறது. பிறகு 1936-இல் கஞ்சம் ஒடிசாவோடும், 1953-இல் மற்றவை ஆந்திராவோடும் போயின. அந்தச் சட்டத்தின் வாரிசுகள் அங்கே வளர்ந்தார்கள். ஒடிசாவில் 1956-ஆம் ஆண்டின் 2-ஆம் ஒழுங்குமுறை, ஆந்திராவில் 1959-ஆம் ஆண்டின் 1-ஆம் ஒழுங்குமுறை. ஆந்திராவில் 1970-இல் வந்த திருத்தம், பட்டியல் பகுதிகளில் பழங்குடி அல்லாதவர் கையில் இருக்கும் நிலம் பழங்குடியினரிடமிருந்து வந்ததாகவே அனுமானிக்கப்படும் என்றது. அப்படி இல்லையென்று நிரூபிப்பது வைத்திருப்பவர் பொறுப்பு. 1997-இல் சமதா வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்தத் தடை அரசாங்கத்தையும் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது.

சென்னையில் இயற்றின சட்டம் இப்படி ஊர் ஊராகப் போய்ப் பிழைத்தது. சென்னைக்கு மிஞ்சியது வெற்றிடம்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம்: "தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி இல்லை." ஆமாம், இல்லை. பத்து மாநிலங்களில் இருக்கிறது, நம்மிடம் இல்லை. 1950-இல் அந்தப் பகுதிகளை அறிவித்தபோது, பழைய ஏஜென்சிப் பட்டியலின் வழியிலேயே போனார்கள். சென்னை மாநிலத்தின் கோதாவரி, விசாகப்பட்டின மலைப்பகுதிகள் வந்தன; ஜவ்வாது வரவில்லை. ஆனால் இது காரணமே இல்லை. ஐந்தாவது அட்டவணை இருந்தால் ஆளுநர் ஒழுங்குமுறை போடலாம், அவ்வளவுதான். இல்லாவிட்டால் சட்டமன்றம் மசோதா கொண்டுவர வேண்டும். நிலம் மாநிலப் பட்டியலில் 18-ஆவது இனம். யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. மாநில உரிமை பற்றி இவ்வளவு பேசுகிற நமக்கு, இந்த ஓர் உரிமையைப் பயன்படுத்த மட்டும் டெல்லியின் அட்டவணை தேவைப்படுகிறதா?

கேரளத்திலும் ஐந்தாவது அட்டவணைப் பகுதி கிடையாது. ஆனால் 1975-இலேயே அங்கே சட்டமன்றம் பழங்குடி நில மாற்றத் தடை மற்றும் மீட்புச் சட்டத்தை இயற்றியது. அந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் நமக்கான எச்சரிக்கை அதில்தான் இருக்கிறது. சட்டம் 1975-இல் வந்தது. நடைமுறைப்படுத்தும் விதிகள் வந்தது 1986-இல். பதினோரு வருஷம் காகிதத்தில் தூங்கியது. அதற்குள் அட்டப்பாடியிலும் வயநாட்டிலும் குடியேறியவர்கள் வீடு கட்டி, ரப்பரும் மிளகும் வைத்து, வாக்காளர் பட்டியலிலும் ஏறிவிட்டார்கள். நிலத்தை மீட்டுக் கொடு என்று உயர் நீதிமன்றம் நெருக்கியபோது, 1996-இல் சட்டமன்றம் மீட்பு என்பதையே நீர்த்துப்போகச் செய்யும் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. 140 பேர் கொண்ட அவையில் அதை எதிர்த்தவர் கே.ஆர். கௌரி அம்மா ஒருவர் மட்டுமே. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற வித்தியாசமே இல்லை. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்குக் கிடைக்கவில்லை. உடனே 1999-இல், 'இது வேளாண் நிலம் பற்றியது, மாநில விஷயம்' என்று புதுச் சட்டமே கொண்டுவந்தார்கள். இரண்டு ஹெக்டேர் வரை வாங்கியவர் வைத்துக்கொள்ளலாம், இழந்தவருக்கு அரசு வேறு நிலம் தரும். 2009-இல் உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றுக்கொண்டது.

கேரளக் கட்சிகள் கெட்டவை என்று இதைப் படிப்பது சுலபம். நான் அப்படிப் படிக்கவில்லை. நிலத்தை வாங்கியவர்கள் வாக்காளர்களாகிப் பெருகிய பிறகு, எந்தச் சட்டமன்றமும் அவர்களிடமிருந்து நிலத்தை எடுக்காது. ஆகவே இப்படி ஒரு மசோதாவுக்குப் பருவம் உண்டு. வாங்குபவர்கள் சிலராக இருக்கும்போதே அது வர வேண்டும். ஏலகிரியைப் பாருங்கள், ஜவ்வாதுக்குப் பக்கத்து மலைதான், அங்கும் மலையாளி மக்கள்தான். விடுதிப் பலகைகளையும் மனைப் பலகைகளையும் எண்ணிக்கொண்டே மேலே ஏறலாம். அங்கே இப்போது மீட்பு என்று ஆரம்பித்தால் கேரளத்தின் 1996 நமக்கும் நடக்கும். ஜவ்வாதில் இன்னும் அந்த நிலை வரவில்லை. ஆனால் சாலை நன்றாகிவிட்டது. போளூர் வழியாக ஜமுனாமரத்தூருக்குச் சனி, ஞாயிறு கார்கள் வருகின்றன. காரில் வருகிறவர்களில் சிலர் நிலத்தையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

ஜமுனாமரத்தூரில் ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். சொந்தத்தில் ஒருவர் நிலம் போன கதையைச் சொன்னார். "ஆஸ்பத்திரி செலவுக்கு வாங்குனாரு சார். போக்கியம்னுதான் பேச்சு. பத்திரத்துல பவர்னு எழுதியிருந்துச்சாம். படிக்கத் தெரிஞ்சவன் யாரும் கூடப் போகல." அவ்வளவுதான் கதை. குரலில் கோபம்கூட இல்லை. ஆனால் மசோதாவில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை அந்த நான்கு வாக்கியங்களே சொல்லிவிடுகின்றன. விற்பனையை மட்டும் தடுத்தால் போதாது. போக்கியம், நீண்டகாலக் குத்தகை, பவர் பத்திரம், கிரய ஒப்பந்தம் எல்லாமே 'மாற்றம்' என்ற சொல்லுக்குள் வர வேண்டும். ஒப்புதல் இல்லாத பத்திரத்தைச் சார்பதிவாளர் பதிவு செய்யவே கூடாது. நிரூபிக்கும் பொறுப்பு வாங்கியவர் தலையில் இருக்க வேண்டும். விதிகள் இத்தனை மாதத்துக்குள் வர வேண்டும் என்று சட்டத்திலேயே எழுத வேண்டும், கேரளத்தின் பதினோரு வருஷத்துக்கு இடம் வைக்கக்கூடாது.

எதிர்வாதமும் உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. விற்க முடியாத நிலத்துக்கு விலை இல்லை, வங்கி அடமானம் பிடிக்காது, அவசரத்துக்கு மலைக்காரன் எங்கே போவான்? தவிர, தடைச்சட்டம் இருக்கிற ஆந்திராவிலேயே பினாமி பெயரில் நிலம் போகத்தான் செய்கிறது. இரண்டும் நிஜம். முதலாவதற்கு 1917 சட்டமே பதில் வைத்திருக்கிறது: நிலத்துக்குத் தடை போட்டால் கடனுக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். மலைப்பகுதிகளில் லேம்ப் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. வங்கிக்கும் சங்கத்துக்கும் அடமானம் வைக்க விலக்குக் கொடுத்து, கடன் முறிந்தால் ஏலம் பழங்குடியினருக்குள்ளேயே நடக்க வேண்டும் என்று எழுதலாம். பினாமியைப் பொறுத்தவரை, சட்டம் இருந்தால் திருட்டுத்தனமாகச் செய்ய வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் முத்திரைத்தாளில் பட்டப்பகலில் நடக்கிறது. முதலாவதில் பிற்பாடு வழக்காவது போடலாம்.

சரி, இதை யார் கேட்பார்கள்? 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கான தனித்தொகுதிகள் இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். ஜவ்வாது மலை இரண்டிலும் இல்லை. மூன்று மாவட்டங்களுக்கும் பல தொகுதிகளுக்கும் துண்டுதுண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொன்றிலும் சமவெளி வாக்குகளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு துண்டு. 12 மணி நேர மசோதாவை நிறுத்தத் தொழிற்சங்கங்கள் இருந்தன. வராத மசோதாவை வரவழைக்க மலையாளி மக்களிடம் அப்படி ஒரு பலம் இல்லை. எண்ணிக்கைப்படி எந்தக் கட்சிக்கும் இதில் லாபமும் இல்லை.

அதனால்தான் இதைச் சமவெளியில் இருக்கிற நாம் கேட்க வேண்டியிருக்கிறது. நிதிநிலை அறிக்கைக் கூட்டத்தொடர் முடியும் வாரத்தில் மசோதாக்கள் வரிசையாக வந்து, குரல் வாக்கெடுப்பில் மளமளவென்று நிறைவேறுவதைப் பார்க்கிறோம். வேகம் அவர்களுக்குப் புதிதில்லை. 1917-இன் சட்டம் சில பக்கங்கள்தான், அதைத் தமிழில் திருத்தி எழுத ஒரு வாரம் போதும். உங்கள் தொகுதி உறுப்பினரைப் பார்க்க நேர்ந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மலைநில மாற்றத் தடை மசோதா எப்போது வரும்? "அப்படி ஒன்று இல்லையே" என்று அவர் சொன்னால், அதைத்தான் கேட்கிறோம் என்று சொல்லுங்கள்.