துறையில் நின்ற பெண்: ஜாய்ஸ் காட்டும் டப்ளின் நகரம்

துறைமுக நகரத்தைப் பாடுவது தமிழுக்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தின் துறை முழுவதும் நம் கண்முன் நிற்கின்றது. ஏற்றுமதி இறக்குமதிப் பண்டங்களின்மீது சுங்கம் கொள்வோர் புலிச் சின்னம் பொறிக்கின்றனர். புலி சோழனுக்கு உரியது. நகரமும் அவனுக்கு உரியது. அத்தகைய நகரமே கிடைப்பதாயினும் காதலியைப் பிரிந்து வரமாட்டேன் என்று தலைவன் தன் நெஞ்சுக்குக் கூறுகின்றான்.

நகரம் ஒரு மக்களுடையதாகவும், அதன் துறையில் விழும் முத்திரை வேறொருவருடையதாகவும் இருந்தால், அங்கு வாழ்வோர் நிலை எவ்வாறு இருக்கும்? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் (1882-1941) எழுதி 1914இல் வெளிவந்த ‘டப்ளினர்கள்’ என்னும் தொகுதியைப் படித்தல் வேண்டும். அதிலுள்ள 15 கதைகளுள் ‘எவலின்’ என்னும் சிறு கதையை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம்.

முதலில் நகரின் நிலையை அறிதல் நன்று. 1801 முதல் அயர்லாந்துக்குத் தனிப் பாராளுமன்றம் இல்லை. டப்ளின் கோட்டையிலிருந்து பிரிட்டிஷார் ஆட்சி நடத்தினர். பீனிக்ஸ் பூங்காவில் அரசப் பிரதிநிதியின் மாளிகை இருந்தது. ராயல், போர்ட்டோபெல்லோ, ரிச்மண்ட் முதலிய படைமுகாம்கள் நகரெங்கும் பரவியிருந்தன. லிஃபி ஆற்றின் வடகரையில் நார்த் வால் என்னும் கப்பல்துறை. அயர்லாந்தின் மாடுகள் அவ்வழியே கடல் கடந்து இங்கிலாந்து சென்றன. பிழைப்புத் தேடிய மக்களும் சென்றனர்.

இனிக் கதைக்கு வருவோம். எவலினுக்கு வயது 19 கடந்துவிட்டது. கடையில் வேலை செய்து பெறும் 7 ஷில்லிங்கையும் குடிகாரத் தந்தையிடம் கொடுத்துவிட்டு, வீட்டுச் செலவுக்கு அவரிடமே மன்றாடுகின்றாள். குடும்பத்தை இயன்றவரை சிதறாமல் காப்பதாக, இறக்கும் தறுவாயிலிருந்த தாய்க்கு வாக்களித்தவள். பிராங்க் என்னும் கப்பலோட்டி அவளை மணந்து போனஸ் அயர்சுக்கு அழைத்துச் செல்ல முன்வருகின்றான். பயணச் சீட்டும் எடுத்தாயிற்று. நார்த் வால் துறைக்கு வந்தவள், கப்பல் ஏறும் வேளையில் இரும்புக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு நின்றுவிடுகின்றாள். அவன் அழைக்கின்றான், அவள் முகத்தில் அசைவே இல்லை. கதை அவ்வளவே.

எவலினைக் கோழை என்று சொல்லிக் கதையை மூடிவிடுவோர் பலர். பிராங்க் ஏமாற்றுக்காரன், அவள் தப்பினாள் என்று வாதிடும் திறனாய்வாளரும் உளர். இருசாராரும் துறையில் நின்ற மற்றவர்களைப் பார்க்கத் தவறுகின்றனர். அந்நிலையம் முழுவதும் பழுப்பு நிற மூட்டைகளுடன் நிற்கும் படைவீரர்கள் என்று ஜாய்ஸ் ஒரே ஒரு வாக்கியம் எழுதுகின்றார். அதற்குமேல் அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எவ்விடம் அனுப்பினும் செல்ல வேண்டியவர்கள் அவர்கள். ஏவப்பட்டவர்கள் கப்பலேறுவர், தானே விரும்பிப் போக வந்தவளுக்கோ கால் எழவில்லை.

படையே அவளைத் தடுத்தது என்று கதை கூறவில்லை. நாமும் கூறுதல் ஆகாது. தந்தையின் கை, தாயின் வாக்கு, சமயத்தின் அச்சம் ஆகிய மூன்றும் அவளைப் பிணித்துள்ளன. ஆயினும், தாமாக முடிவு செய்யும் பழக்கத்தையே ஒரு நகரம் நூறாண்டுகளாக இழந்திருந்தால், அதன் மகள் ஒரே மாலையில் அப்பழக்கத்தை எங்கிருந்து பெறுவாள்? பட்டினப்பாலைத் தலைவனும் போகவில்லை, எவலினும் போகவில்லை. அவன் போகாமை துணிவு. இவள் போகாமை துணிவின் இன்மை. இவ்வேறுபாட்டை மாணவர்க்கு விளக்கினால் இரண்டு நூல்களும் தெளிவாகும்.

பின்னர் எழுதிய ‘யுலிசிஸ்’ நாவலிலும் ஜாய்ஸ் இம்முறையையே கையாளுகின்றார். 1904 ஜூன் 16 அன்று ப்ளூம் என்னும் கதைமாந்தர் அஞ்சலகத்தில் படைக்கு ஆள் சேர்க்கும் விளம்பரத்தைப் பார்த்து, ராயல் டப்ளின் பியூசிலியர்ஸ் படையில் பணியாற்றிய தம் மாமனாரை எண்ணிக்கொள்கின்றார். நமக்கும் அப்படைக்கும் ஒரு தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை, பம்பாய் ஐரோப்பியப் படைகளின் வழிவந்த இரண்டு பிரிவுகளை 1881இல் இணைத்து உருவாக்கியதே அது. சென்னைக் கோட்டையில் வளர்ந்த படை டப்ளின் பெயரைத் தாங்கியது. ப்ளூமின் மனைவியோ ஜிப்ரால்டரில், மற்றொரு துறைமுகப் படைநகரில் பிறந்தவள். பேரரசு ஒரு குடும்பத்தின் படுக்கையறை வரை வந்துவிட்டதைப் போர்ப்பறை முழக்கமின்றி ஜாய்ஸ் காட்டுகின்றார்.

ஜாய்ஸிடம் குறையில்லையா எனின், உண்டு. துறைமுக நகரை எழுதியவர் துறைமுகத் தொழிலாளியை ஏறக்குறைய மறந்தார். அவர் கதைகளில் எழுத்தர்களும் கடைக்காரர்களும் பணிப்பெண்களுமே மிகுதி. 1913இல் சர்ச் தெருவில் பழைய குடியிருப்புகள் இடிந்து 7 பேர் மாண்டனர். அத்தகைய வீடுகளின் வாழ்வை அறிய ஷான் ஓகேசியின் நாடகங்களுக்கே செல்ல வேண்டும். தாமே கூலி வேலை செய்தவர் ஓகேசி. 1926இல் மேடையேறிய ‘கலப்பையும் விண்மீன்களும்’ நாடகத்தில், 1916 ஈஸ்டர் எழுச்சியின்போது ஏழைப் பெண் ஒருத்தி சுடப்பட்டு இறக்கின்றாள். அவ்வறையிலேயே ஆங்கிலச் சிப்பாய்கள் அமர்ந்து தேநீர் அருந்துகின்றனர். ஜாய்ஸ் துறையின் ஓரத்தில் நிறுத்திய சிப்பாயை ஓகேசி வீட்டின் நடுவே அமர்த்தினார். டப்ளினை அறிய இருவரும் வேண்டும்.

எனினும், படித்தபின் நம்மைவிட்டு அகலாதவள் எவலினே. அவளைப் படைத்தவர் அவளை இகழவில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று. இக்கதை ‘ஐரிஷ் ஹோம்ஸ்டெட்’ என்னும் உழவர் கூட்டுறவு இதழில் 1904 செப்டம்பர் 10 அன்று வெளிவந்தது. அடுத்த மாதம் 8ஆம் நாள் ஜாய்ஸ், நோரா பார்னக்கிள் என்னும் இளம்பெண்ணோடு அதே நார்த் வால் துறையிலிருந்து கப்பலேறினார். எவலினால் இயலாததை நோரா செய்தார். அது எத்துணைக் கடினம் என்பதை நேரில் கண்டவர், தயங்கி நின்றவளை எங்ஙனம் இகழ்வார்?

டப்ளின் கோட்டை ஐரிஷ் மக்கள் கைக்கு 1922 ஜனவரி 16 அன்று வந்தது. பதினேழாம் நாள் பாரிசில் ‘யுலிசிஸ்’ வெளிவந்தது. கோட்டை கைமாறிய நாளை வரலாற்று நூல்கள் குறித்துவைக்கும். கம்பியைப் பற்றி நின்ற ஒரு பெண்ணின் கைகளை இலக்கியமே குறித்துவைக்கும். ‘அவள் ஏன் போகவில்லை?’ என்று மாணவர் கேட்டால், ஆசிரியர் உடனே விடை கூற வேண்டா. அந்தத் துறையில் வேறு யார் யார் நின்றார்கள் என்று திரும்பக் கேட்டல் வேண்டும்.