மாயாவிக்குக் கை கொடுத்தவர்

ஹெசூஸ் பிளாஸ்கோ. இந்தப் பெயரை எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஏதோ ஃபுட்பால் பிளேயர் மாதிரி இருக்கிறது என்கிறீர்களா? ஸ்பெயின்காரர்தான். ஆனால் இவர் கையில் இருந்தது தூரிகை. 1919ல் பிறந்து 1995ல் காலமானார். உங்களுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது, சின்ன வயதில் கணக்குப் புத்தகத்துக்குள் இன்னொரு புத்தகத்தை ஒளித்துவைத்துப் படித்த ஆசாமி நீங்கள் என்றால், இவர் போட்ட படங்களை நூறு தடவையாவது பார்த்திருப்பீர்கள். இரும்புக்கை மாயாவியின் ஓவியர் இவர்தான்.

1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே மாயாவிதான். அதற்குப் பிறகு இரண்டு தலைமுறைப் பையன்கள் அவனோடு வளர்ந்தார்கள். பிளக் பாயிண்டில் விரலை விட்டால் நாமும் மறைந்துவிடுவோமா என்று யோசித்தவர்கள் எத்தனை பேர்! (நல்லவேளை, நம் ஊரில் அப்போது பாதி நேரம் கரண்ட் இருக்காது.) மாயாவியின் பெயர் எல்லோருக்கும் தெரியும். வரைந்தவன் பெயர் ஒருவருக்கும் தெரியாது. பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர் மாதிரி மாயாவியும் சிவகாசியிலேயே உற்பத்தியாகிறான் என்று ஒரு பையன் நம்பியிருந்தால் அது அவன் குற்றமில்லை.

சிவகாசியின் குற்றமும் இல்லை. மாயாவியின் பூர்வீகம் லண்டன். 'வேலியண்ட்' என்ற வாரப் பத்திரிகையில் 1962ல் 'ஸ்டீல் க்ளா' என்ற பெயரில் தொடங்கிய தொடர். பிரிட்டிஷ் காமிக்ஸ் கம்பெனிகள் அந்தக் காலத்தில் எழுத்தாளர் பெயரையோ ஓவியர் பெயரையோ போடுவதில்லை. 1977ல் '2000 ஏ.டி.' பத்திரிகை வந்து போட ஆரம்பித்த பிறகுதான் அங்கே நிலைமை மாறியது. ஆக, சிவகாசிக்கு வரும்போதே பெயர் இல்லாமல்தான் வந்தான் மாயாவி. பிறகு எப்படித் தெரிந்தது? வெளிநாட்டு ரசிகர்கள் பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு, 'இந்தக் கோடு இவருடையது, இந்த நிழல் அவருடையது' என்று துப்புத் துலக்கினார்கள். அதெல்லாம் அங்கே சின்னச் சின்ன வட்டத்துக்குள் கிடந்தது. இணையம் வந்தபிறகுதான் கோயமுத்தூரில் உட்கார்ந்துகொண்டு நாமும் படிக்க முடிந்தது.

பழைய காமிக்ஸை இணையம் மீட்டுக்கொடுத்தது என்று பலரும் சொல்கிறார்கள். ஸ்கேன், பி.டி.எஃப்., யூடியூபில் அட்டை அட்டையாகக் காட்டும் வீடியோ, வாட்ஸ்அப் குழு... எல்லாம் சரி. ஆனால் என் கணக்கில் அது கொடுத்த பெரிய வரவு இந்தப் பெயர்கள்தான். பெயர் தெரிந்த பிறகு பார்வையே மாறிவிடுகிறது.

ஸ்பைடரை எடுத்துக்கொள்ளுங்கள். கூர்க்காதும் ஏறிய நெற்றியுமாக, குற்றவாளிகளுக்கே சக்கரவர்த்தி ஆகப் புறப்பட்ட அந்த ஆணவக்காரனை 1984ல் தொடங்கிய லயன் காமிக்ஸ் நம் வீட்டுப் பிள்ளை ஆக்கிவிட்டது. படம் போட்டவர் ரெக் பன். முதல் இரண்டு கதைகளுக்குப் பிறகு எழுதியவர் யார் தெரியுமா? ஜெர்ரி சீகல். ஆமாம் சார், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர்! 130 டாலருக்கு சூப்பர்மேனை உரிமையோடு கொடுத்துவிட்டு, பிறகு வாழ்நாளெல்லாம் கோர்ட், கேஸ் என்று அலைந்த மனிதர். அறுபதுகளில் இங்கிலாந்துப் பத்திரிகைக்கு ஸ்பைடர் எழுதிப் பிழைத்தார். இதைத் தெரிந்துகொண்டு ஸ்பைடரை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். உலகம் தன்னைக் கும்பிட வேண்டும் என்று அவன் கத்துகிற இடங்களில், தன் பிள்ளையைத் தொலைத்துவிட்ட ஒரு தகப்பனின் ஆத்திரம் கேட்கிறதா இல்லையா? எனக்குக் கேட்கிறது. ரொம்ப யோசிக்கிறேன் என்று நீங்கள் சொல்லலாம்.

மாயாவிக்கு வருவோம். கதையாகப் பார்த்தால் சுமார்தான். விபத்தில் ஒரு கையை இழந்து இரும்புக்கை மாட்டிக்கொண்ட ஆய்வுக்கூட உதவியாளன் லூயிஸ் கிராண்டேல். மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை மட்டும் தெரியும், ஆள் மறைந்துவிடுவான். பிற்பாடு நிழற்படையில் சேர்ந்து உலகத்தைக் காப்பாற்றுகிறானே, அவன் முதல் கதையில் செய்வது என்ன? திருட்டு! ஞாபகத்தில் இருக்கும் மாயாவி உத்தமன். பக்கத்தில் இருக்கும் மாயாவி அப்படி ஒன்றும் இல்லை. ஒரு இடத்தில்கூட மூச்சுவிட முடியாமல் ஆபத்துக்கு மேல் ஆபத்தாக வருகிறதே, அது ஏன் என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது. அது வாரத்துக்கு இரண்டு பக்கமாக வந்த தொடர். அடுத்த வாரம் பையன் திரும்பக் காசு கொண்டுவர வேண்டுமே! இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை மாயாவி சாகப் பார்த்தாக வேண்டும். நம் ஆட்கள் அதை மொத்தமாகத் தொகுத்துப் புத்தகமாகக் கொடுத்ததால் அத்தனை ஆபத்தும் ஒரே மூச்சில் நம் மேல் விழுந்தது. வாராவாரம் படித்த லண்டன் பையனைவிட, ஒரே மத்தியானத்தில் படித்து முடித்த பொள்ளாச்சிப் பையனுக்குத்தான் திகில் அதிகம்.

ஆனால் படம் இருக்கிறதே... அங்கேதான் பிளாஸ்கோ உட்கார்ந்திருக்கிறார். கண்ணுக்குத் தெரியாத ஆளை எப்படி வரைவது? கட்டத்தில் ஒரு கை மட்டும் அந்தரத்தில் தொங்கும். மீதி பயத்தையெல்லாம் எதிரில் நிற்பவன் முகத்தில் வரைந்துவிடுவார். சுவரில் விழும் நிழல், பாதி திறந்த கதவு, விளக்கு வெளிச்சம் எட்டாத மூலை. நமக்கு ஞாபகம் இருக்கும் மாயாவி உலகம் எப்போதும் ராத்திரியாகவே இருக்கும். 2005ல் லண்டனில் டைட்டன் புக்ஸ் வெளியிட்ட தொகுப்பின் பக்கங்களைப் பார்த்தபோது ஒரு விஷயம் புரிந்தது. அந்த இருட்டில் பாதிதான் பிளாஸ்கோவுடையது. மீதி, சாணித்தாளில் அப்பிய மையினுடையது. பெரிய தாளில் வந்த பக்கம் கைக்கு அடக்கமான புத்தகத்துக்குள் நுழைய வேண்டுமே. நுழைத்தார்கள். மெல்லிய கோடுகள் கறுப்புக்குள் காணாமல் போயின. இருந்தும் அந்த மையோடு கூடிய மாயாவிதான் நம் மாயாவி என்று அடித்துச் சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. மழைக்கால டென்ட் கொட்டகையில் பார்த்த எம்.ஜி.ஆர். படத்தை டிஜிட்டலில் பார்த்தால் ஏதோ குறைகிறதே, அந்த மாதிரி.

உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் ஒரு காலத்தில் காமிக்ஸ் கட்டுக்கட்டாகக் கிடக்கும். இப்போது ஒன்று கண்ணில் பட்டால் கடைக்காரரே உஷாராகிவிடுகிறார். "அது ரேருங்ணா" என்கிறார். விலையைக் கேட்டால் நமக்கு மின்சாரம் பாய்கிறது. அந்த வகையில் ஸ்கேன் ஒரு புண்ணியம். முக்கியமாக, வாரிசு இல்லாத காமிக்ஸ்களுக்கு. தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் 1984ல் தொடங்கி, 500 இதழ்கள் வந்து, 2005ல் நின்றுபோனது. ஜேம்ஸ் பாண்டையும் ஃபேண்டமையும் பெட்டிக்கடை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்த பத்திரிகை. மறுபதிப்புக்கு ஆளில்லாத அந்த இதழ்கள் இன்றைக்கு ஒருவர் கண்ணுக்குத் தெரிகின்றன என்றால், யாரோ ஒரு ரசிகர் ராத்திரி முழித்து ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்ததால்தான். சட்டப்படி அது சரியா என்று வக்கீலைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார். நான் சுளிக்கமாட்டேன்.

உயிரோடு இருக்கும் பத்திரிகையை ஸ்கேன் செய்வது வேறு சமாச்சாரம். லயனும் முத்துவும் இன்றைக்கும் சிவகாசியிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. இடையில் சில வருஷங்கள் மூச்சு வாங்கி, 2012 ஜனவரியில் 'கம்பேக் ஸ்பெஷல்' என்று பெயரே வைத்துத் திரும்பி வந்தார்கள். இன்றைக்கு அவை பெட்டிக்கடையில் தொங்குவதில்லை. சந்தா, முன்பதிவு, கூரியர், புத்தகக் கண்காட்சி. ஆசிரியர் எஸ்.விஜயன் இணையத்திலேயே வாசகர்களோடு பேசி, எதைப் போடலாம், எதை வேண்டாம் என்று கேட்டுத்தான் பட்டியல் போடுகிறார். ஊருக்கு ரெண்டு பேர் என்று சிதறிக் கிடந்தவர்களை ஒன்றாகச் சேர்க்காமல் இந்த வியாபாரமே கிடையாது. அளந்து அச்சடிக்கிற அந்தப் புத்தகத்தை ஒரு மகானுபாவன் வாங்கி, ஸ்கேன் செய்து, குழுவில் தட்டிவிட்டால்? கேட்டால் 'சேவை' என்பார். அடுத்த புத்தகம் வராமல் போனால் அதுவும் அந்தச் சேவையின் கணக்கில்தான் சேரும்.

திருப்பூரில் ஒரு நண்பர். பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறார். ஹார்டு டிஸ்க்கில் ஆயிரக்கணக்கில் காமிக்ஸ் வைத்திருக்கிறார். வருஷவாரியாக, ஹீரோவாரியாக, லெட்ஜர் மாதிரி சுத்தமாக. "எத்தனை படிச்சீங்க?" என்றேன். "எங்கீங்க நேரம்? பத்திரமா இருக்குதல்லோ, அது போதுமுங்க" என்றார். நானும் பி.காம். படித்தவன்தான். ஸ்டாக் எடுப்பதும் சரக்கை அனுபவிப்பதும் ஒன்றில்லை என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. குழுக்களில் நடக்கும் பேச்சிலும் முக்கால்வாசி ஸ்டாக் கணக்குதான். எந்த இதழ் எந்த மாதம், அட்டை எத்தனை விதம், என்னிடம் இருக்கிறது உன்னிடம் இல்லை. 'இந்தப் பக்கம் ஏன் நன்றாக இருக்கிறது?' என்று யாராவது கேட்டால் ஒரு கட்டைவிரல் வந்து விழும். அவ்வளவுதான்.

செல்போனில் படிப்பதிலும் எனக்குச் சம்மதமில்லை. பிளாஸ்கோ ஒரு முழுப் பக்கத்தை யோசித்து வரைந்தவர். மேல் மூலையில் தொடங்கும் பயம் கீழ் மூலையில் வெடிக்கும். நாம் இரண்டு விரலால் இழுத்து இழுத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தால், கோபுரத்தைச் செங்கல் செங்கலாகப் பார்த்த கதைதான். டெக்ஸ் வில்லர் இன்னும் மோசம். அவர் 1948லிருந்து இத்தாலியில் குதிரை ஓட்டிக்கொண்டிருக்கிறார். அரிசோனா பாலைவனம் ஐந்தரை அங்குலத்துக்குள் அடங்குமா?

அதனால்தானோ என்னவோ, இத்தனை இணையம் வந்தபிறகும் ரசிகர்கள் கடைசியில் ஓர் ஊரில் வந்து கூடுகிறார்கள். அந்த ஊர் சென்னை இல்லை, நம்ம ஈரோடு! மக்கள் சிந்தனைப் பேரவை 2005லிருந்து நடத்திவரும் ஈரோடு புத்தகத் திருவிழா ஆகஸ்டில் வரும். அதையொட்டி லயன் - முத்து வாசகர் சந்திப்பு. மேற்கே கோவை, வடக்கே சேலம், தெற்கே கரூர், திருச்சி என்று எந்தப் பக்கத்து ரயிலும் வந்து நிற்கிற ஜங்ஷன் என்பது ஒரு காரணம். 2018ல் 'இரத்தப் படலம்' முழு வண்ணத்தில் வந்தபோது அதை வெளியிட்டதும் ஈரோட்டில்தான். தன் பெயரே மறந்துபோய், உடம்பில் பச்சை குத்திய ஒரு ரோமன் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தன்னைத் தேடும் ஒருவனின் கதை. 2010ல் 18 பாகங்களும் கறுப்பு வெள்ளையில் ஒரே தடிப் புத்தகமாக வந்திருந்தது. அதை வைத்திருந்தவர்களே வண்ணத்துக்கும் முன்பணம் கட்டினார்கள். வில்லியம் வான்ஸின் கடலும் பனியும் என்ன நிறம் என்று பார்க்கத்தான்.

கூட்டத்தில் தலைகளைக் கவனியுங்கள். நரை, வழுக்கை, டை. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளைகள் சிலர் உண்டு, ஆனால் அவர்கள் கண் அப்பாவின் செல்போனில் இருக்கிறது. இணையம் பழைய வாசகர்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. புது வாசகர்களைச் சேர்த்தமாதிரி எனக்குத் தெரியவில்லை. பத்து வயதுப் பிள்ளையை உள்ளே இழுக்க முன்பதிவுப் புத்தகம் உதவாது. பெட்டிக்கடையில், கமர்கட்டு பாட்டிலுக்குப் பக்கத்தில், கிளிப்பில் தொங்க வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. பிளாஸ்கோ, ரெக் பன், சீகல் என்று அந்தப் பக்கத்துப் பெயர்களெல்லாம் கிடைத்துவிட்டன. இந்தப் பக்கம்? முத்து காமிக்ஸைத் தொடங்கிய சௌந்திரபாண்டியன், ஆரம்ப கால ஆசிரியர் முல்லை தங்கராசன், அப்புறம் விஜயன். அதற்குமேல் எத்தனை ரசிகர்களால் பெயர் சொல்ல முடியும்? லண்டன் தெருவில் ஓடுகிறவனைத் தமிழில் அலறவைத்தவர், ஸ்பைடரின் ஆணவத்துக்குத் தமிழில் சரியான சொல் தேடியவர், நாம் காசு கொடுக்கக் காரணமான அந்த அட்டையை வரைந்தவர்... நாம் காதலித்தது பாதி பிளாஸ்கோ, பாதி இவர்கள். ஸ்பெயின்காரரைக் கண்டுபிடிக்க இத்தனை பாடுபட்டவர்களுக்குச் சிவகாசி தூரமில்லை.

அடுத்த ஆகஸ்டில் ஈரோடு போகிறவர்கள் செல்ஃபி எடுத்து முடித்ததும் அதே செல்போனில் வீடியோவை ஆன் செய்து, சிவகாசிக்காரர்களிடம் அந்தப் பழைய அச்சகத்து ஆட்களைப் பற்றி விசாரியுங்கள். யார் எழுதினார்கள், யார் ஒட்டினார்கள், யார் மை போட்டார்கள். 1972ல் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு இன்றைக்கு எழுபது தாண்டிவிட்டது.